சலூன்காரர் துவைத்த கோட்டு

அவளுக்குத் தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. பைத்தியம், பழைய பட்டாளத்து உருமறைப்புச் சீருடைகள் மேல். காட்டில் ஆள் இருப்பது தெரியாமலிருக்கப் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகச் சாயம் ஏற்றிய கோட்டு, கால்சட்டை, தொப்பி என்று சகலமும். கண்ணில் படவே கூடாது என்று தைத்த துணிகள் அவள் வீட்டில் கண் போன பக்கமெல்லாம் தொங்கின. சேகரிப்பாளர் சங்கத்தில் அவளுக்குப் பச்சோந்தி என்று பெயர் வைத்தார்கள். அதையும் ஒரு விருது மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள்.

அசலா போலியா என்று சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. சட்டைப்பையில் இருக்கும் திட்டு, அடியில் இருக்கும் துணியின் திட்டோடு கச்சிதமாகப் பொருந்திவிட்டால் போதும், போலி என்று தூக்கி ஓரமாக வைத்துவிடுவாள். சண்டைக்கு அவசரமாகத் தைத்தவனுக்கு அழகு பார்க்க ஏது நேரம் என்பாள். கடைசியாக இருட்டறையில் ஊதா விளக்குச் சோதனை. அந்த வெளிச்சத்தில் பழைய துணி செத்த மாதிரி கிடக்கும். இந்தக் காலத்து நூலோ சோப்புத்தூளோ பட்டிருந்தால் நீலமாக மின்னும். மின்னினால் போலி. மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே கதையைச் சொல்வார்கள்: வீட்டில் தெரியாமல் துவைத்துவிட்டார்களாம். கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். துவைத்த கதை செல்லாது என்று சங்கத்தின் விதிகளில் ஒரு வரியையே அவள் சேர்க்க வைத்திருந்தாள்.

ஐம்பதை எட்டிப் பிடிக்கும் வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சலூன்காரர். தன் கடை இருக்கும் கட்டடத்தின் லிஃப்டில் ஒருநாள் மாட்டிக்கொண்டவர், காப்பாற்ற வந்தவளிடம் உள்ளேயிருந்தே பேசிப் பேசிச் சிரிக்க வைத்திருக்கிறார். கதவைத் திறக்க அவள் வேண்டுமென்றே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவள் இதுவரை மறுக்கவில்லை.

அந்த வருஷம்தான், காலமெல்லாம் தேடிய கோட்டு அவளுக்குக் கிடைத்தது. சோதனைக்காகக் கொஞ்சமே தைத்துவிட்டு, பிடிக்காமல் பட்டாளமே கைவிட்ட ரகம். யாரோ வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து விழுந்ததாம். நாற்றம் குடலைப் புரட்டியது. இவளோ அதை முகர்ந்து முகர்ந்து பூரித்துப்போனாள். வீட்டிலிருந்த ஊதா விளக்கில் காட்டினாள். ஒரு பொட்டு மின்னல் இல்லை. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அசல் என்று தேறினால் அது சங்கக் கூடத்தின் நடுச்சுவரில் ஏறும், கீழே அவள் பெயர் இருக்கும். அந்த நினைப்பிலேயே அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

கூட்டத்தன்று வேலையிலிருந்து நேரே வந்துவிடுவதாகவும், கோட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும்படியும் கணவரிடம் சொல்லியிருந்தாள். அவரும் கட்டிய பெட்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்து சங்கத் தலைவரிடம் ஒப்படைத்தார். தலைவர் பல் டாக்டர். நாற்காலிகளெல்லாம் நிறைந்ததும் ஜன்னல்களை மூடி விளக்குகளை அணைக்கச் சொல்லி, பெட்டியைப் பிரித்து, ஊதா விளக்கைப் போட்டார்.

கோட்டு ஜொலித்தது. கல்யாண மண்டப வாசல் மாதிரி ஜொலித்தது. கூடவே கூடம் முழுக்க ரோஜா வாசனை.

அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பின்வரிசையில் சலூன்காரர் முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். எப்படி மின்னுகிறது பார்த்தாயா என்கிற சிரிப்பு. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவளுடைய பெரிய நாளைக்காக மனிதர் ஆசை ஆசையாகத் துவைத்திருக்கிறார். அதைச் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. நம்பினால் இத்தனை பேர் நடுவில் அவர் முகம் சுருங்கிப்போகும். கோட்டு போனாலும் போகட்டும், அந்த முகத்தை அப்படிப் பார்க்க அவளால் முடியாது.

"போலிதான். நான் நல்லா ஏமாந்துட்டேன்," என்றாள்.

அவளிடம் முன்பு தோற்றவர்கள் நாகரிகமாக இருமிக்கொண்டார்கள். சலூன்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. தன் மனைவியாவது, ஏமாறுவதாவது. விருட்டென்று எழுந்து, அது பழைய கோட்டுதான் என்பதற்குத் தானே சாட்சி என்றார். எவ்வளவு அழுக்கு என்று தேய்த்த கைக்கல்லவா தெரியும் என்று ஆரம்பித்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற வைத்ததைச் சொன்னார். யாரோ முனகினார்கள். சலூன் துண்டுக்குப் போடும் தூளை இரண்டு பங்காகப் போட்டதைச் சொன்னார். ஒருவர் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிரஷ்ஷைப் பற்றிச் சொன்னபோது பல் டாக்டரே கண்ணை மூடிக்கொண்டார்.

"எல்லாம் போயிடுச்சுங்க. காலருக்கு உள்ளார ஏதோ முத்திரை இருந்துச்சு, அது மட்டும் எவ்வளவு தேச்சும் போகல. மன்னிச்சுக்கணும்."

விளக்குகளைப் போடச் சொல்லி, டாக்டர் காலரைப் புரட்டிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பட்டாளத்து முத்திரை சுகமாக இருந்தது. போலி முத்திரையாக இருந்திருந்தால் முதல் தண்ணீரிலேயே கரைந்து ஓடியிருக்கும். அதோடு, இப்படி ஒரு கதையை இவ்வளவு பெருமையாகக் கட்டிச் சொல்ல எந்த மோசடிக்காரனுக்கும் வராது.

ஆனால் துவைத்த கதை செல்லாது என்று விதி இருக்கிறதே என்று டாக்டர் தயங்கினார். எல்லார் கண்ணும் அவள் மேல் திரும்பியது.

"அந்த வரிய அடிச்சிருங்க டாக்டர். நான் துரத்தினவங்கள்ல யாராச்சும் நெசத்த சொல்லியிருந்தா, துணியக் கொண்டாங்க. திரும்பப் பாக்கறேன்."

கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. கோட்டு நடுச்சுவரில் ஏறியது, ரோஜா வாசனையோடு.

படி இறங்கும்போது சலூன்காரர் தயங்கித் தயங்கிக் கால் வைத்தார். யாரோ விஷயத்தை அவருக்கு விளக்கியிருக்க வேண்டும். பாதிப் படியில் நின்றார்.

"துவைச்சது தப்பா?"

"பெரிய தப்பு," என்றாள். அவர் தலை தொங்கியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து என் துணிய யாரும் எனக்குத் துவைச்சுக் குடுத்ததில்லங்க."

சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.