தேவகனியின் ஒற்றை அடுப்புச் சாம்பல்

குழித்துறைக்குத் தெற்கே, பாறையும் செம்மண்ணும் கலந்த மேட்டில் தேவகனி தனியாக இருந்தாள். கல்யாணமான இரண்டாம் வருஷமே கொழும்புக்குப் போன புருஷனிடமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை. பிள்ளைகுட்டி கிடையாது. அவளுக்கென்று இருந்ததெல்லாம் பத்து சென்ட் மண்ணும் அதில் நின்ற மரச்சீனி என்ற மரவள்ளியும்தான். பாழாய்ப்போன அந்த மரச்சீனியும் கசந்தது.

கசப்புக் கிழங்கில் விஷம் உண்டு. தோலைச் சீவி நறுக்கி, இரண்டு தண்ணீர் மாற்றி அவித்துத் தின்ன வேண்டும். தேவகனிக்கும் இது தெரியாததல்ல. ஆனால் கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளத்தில் நெல்லெல்லாம் போய் ஊர் பட்டினி கிடந்தபோது, அடுத்த வீட்டுத் தங்கபாயின் நாலு வயசு மகள் நேசபாய் வந்து, “சித்தி, பசிக்கி” என்றாள். தண்ணீர் கொதிக்கும்வரை பிள்ளை அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல், தேவகனி கிழங்கை முழுசாகக் கனலில் சுட்டுக் கொடுத்துவிட்டாள். பொழுது சாயுமுன் பிள்ளை போய்விட்டது.

ஊர் அவளை அடித்ததா, ஏசியதா? ஒன்றுமில்லை. அதுதான் கொடுமை. அவள் கையால் யாரும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை, அவ்வளவே. தங்கபாய் பேச்சை நிறுத்தினாள். வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்பும் சண்டையும் கேட்கும். இந்தப் பக்கம் இவள் கோழியோடு பேசிக்கொண்டிருப்பாள். சாவதற்குள் யாராவது ஒருத்தர் தன் கிழங்கைத் தின்ன வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

ஒரு வருஷம், அடுக்களைக்குப் பின்னே சாம்பல் கொட்டும் இடத்தில் எறிந்த மரச்சீனிக் கம்பு ஒன்று தானாகத் தழைத்தது. அந்தச் செடியின் மூட்டில் விளைந்த கிழங்கை அவித்து வாயில் வைத்தவள் திகைத்துப்போனாள். கசப்பே இல்லை! குறை கிழங்கில் இல்லை, மண்ணில். மண்ணுக்கு எதுவோ போதவில்லை, சாம்பல் அதைக் கொடுக்கிறது என்று அவளுக்குப் பட்டது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் வேறெப்படிச் சொல்வாள்? ஆனால் ஒற்றை ஆளுக்கு எரியும் அடுப்பில் எத்தனை சாம்பல் விழும்? ஒரு மூட்டுக்கே காணாது.

பனை அக்கானி காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் செல்லக்கனியின் அடுப்படியில் ஓலைப்பெட்டியோடு போய் நின்றாள்.

“சாம்பல் என்னத்துக்காக்கும் ஏட்டி?”

“மரச்சீனிக்கு.”

“அள்ளிட்டுப் போ. கிழங்க மட்டும் இங்க கொண்டு வந்திராத.”

செல்லக்கனி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தேவகனிக்கு நெஞ்சு எரிந்தது. ஆனாலும் மூன்று வருஷம் போனாள். மூடு மூடாகச் சாம்பல் வைத்தாள். ஒவ்வொரு மூட்டிலும் முதல் கிழங்கைத் தானே தின்று பார்த்தாள். செத்தால் செத்துவிட்டுப் போகிறேன் என்ற வீம்பு.

வெள்ளம் வந்து பதினோராம் வருஷம் வேதக்கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் விளைச்சலில் முதற்பலனைப் பீடத்தின் முன் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். மணியடிக்கும் கோயில்பிள்ளை ஆபேல் வாழைக்குலை, தேங்காய், சேவல் என்று தூக்கிக் காட்டக் காட்ட, சபையார் போட்டி போட்டார்கள். தேவகனியின் கிழங்குக் கட்டைத் தூக்கியதும் யாரும் விலை கேட்கவில்லை.

“ஒரு தரம்... ரெண்டு தரம்...” ஆபேல் இழுத்தார்.

தேவகனி எழுந்தாள். “கசக்காது. சாம்பல் போட்டு வளத்ததாக்கும். நான் தின்னு பாத்தாச்சு.”

யாரோ கனைத்தார்கள். பெண்கள் பக்கம் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “எனக்கு வையும், அண்ணாச்சி.”

தங்கபாய்!

கட்டைத் தூக்கிக்கொண்டு, தேவகனியைத் திரும்பியும் பாராமல் போனாள் அவள். ஆற்றில் எறிவாளோ, மாட்டுக்குப் போடுவாளோ என்று தேவகனி கிடந்து தவித்தாள். அன்று முழுக்க வேலிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

காலையில் கதவைத் திறந்தால், வேலியோரம் ஒரு பெட்டி நிறையச் சாம்பல். ஏழுபேர் இருக்கும் தங்கபாய் வீட்டு அடுப்புச் சாம்பல். கை வைத்தாள், இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குள் கருகியும் கருகாமலும் மரச்சீனித் தோல் கிடந்தது, கத்தியால் சீவிய தோல்.

தேவகனி பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். “தின்னுட்டா மக்களே... நேசம், ஒன் அம்மை தின்னுட்டா” என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.