கண்ணாடியில் ஐந்து விரல்

எங்கள் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த ஒற்றை அறை வீடுகளில், கண்ணாடி வைத்த சன்னல் எங்கள் காம்பராவில் மட்டும்தான் இருந்தது. தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் அப்பா வேலை பார்த்தார். அங்கே கழித்துப் போட்ட கண்ணாடி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, அடுப்புக்கு எதிரே இருந்த சன்னலில் பதித்தார். லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் தொட்டுவிடாதபடி நானும் அக்காவும் காவல் இருந்தோம்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. அவளுக்குப் பத்து வயது, எனக்கு ஏழு. அம்மா அவள் கைகால்களில் தைலம் தேய்த்தபடி இருந்தாள். அக்காவுக்கோ உடம்பெல்லாம் நெருப்பு. சன்னலோரம் இருந்த பெரிய பெட்டியின் மேல் படுத்துக்கொண்டு, உள்ளங்கையைக் குளிர்ந்த கண்ணாடியில் அழுத்தி வைத்துக் கண்களை மூடிக்கொள்வாள். ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். உயிரோடு திரும்பவில்லை.

காரியம் முடிந்து சில நாள் கழித்து, மழை விடாத ஒரு சாயங்காலம், அம்மா கதவைச் சாத்திவிட்டு உலை வைத்தாள். ஆவி எழும்பிச் சன்னல் வெள்ளையாக மூடிக்கொண்டது. அந்த வெள்ளைக்கு நடுவே ஒரு சின்னக் கை தெரிந்தது. உள்ளங்கையும் ஐந்து விரல்களும் அப்படியே. அந்தக் கையளவு இடம் மட்டும் தெளிந்து, அதன் வழியே வெளியே கறுத்த மலை தெரிந்தது.

அம்மா கையில் அகப்பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடுப்பு அணைந்ததும் கையும் மறைந்தது. மறுநாள் உலை கொதித்தபோது திரும்பவும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது.

விஷயம் லயத்தில் பரவியது. பக்கத்துக் காம்பராச் சித்தி வாசலில் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "புள்ள இன்னும் வீட்ட விட்டுப் போகலங்க. தொணைக்கு ஒரு ஆளக் கூட்டிக்கிட்டுத்தான் போவும்."

வீட்டில் துணைக்குப் போகக்கூடிய ஆள் நான்தான் என்பது எனக்குத் தெரியும். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் சாக்கைத் தலையோடு போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தேன்.

ஒரு காலையில் அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போனாள், அப்பாவும் வேலைக்குப் போய்விட்டார். நான் பெட்டியின் மேல் ஏறி நின்றேன். ஒரு கையில் அடுப்புச் சாம்பல், மறு கையில் ஈரத்துணி. கண்ணாடியில் ஒன்றுமே இல்லை. முகத்தைக் கிட்டே கொண்டு போனேன். என் மூச்சு பட்டதும் அக்காவின் விரல்கள் என் மூக்குக்கு நேரே எழுந்து வந்தன. மூச்சை அடக்கிக்கொண்டு, கை வலிக்க வலிக்கத் தேய்த்தேன்.

பல வருஷம் கழித்து ஏழாம் வகுப்புக்கு விஞ்ஞானம் கற்பித்தபோது இதைச் சுலபமாகச் சொல்லிவிட்டேன். கொதிக்கும் நீர் கண்ணுக்குத் தெரியாத வாயுவாகக் காற்றில் கலக்கிறது. குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் மறுபடி திரவமாகி, பொடித் துளிகளாகப் படிகிறது. எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் அந்தத் துளிகள் வேறு மாதிரிப் படியும். அக்கா கையிலிருந்த தைலம் அவள் போன பிறகும் அங்கேயே இருந்தது. அவ்வளவுதான். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

நான் கண்ணாடியைத் துடைத்த அன்று சாயங்காலம் அம்மா ஈரத்தோடு வந்து, தலைத்துணியைக்கூட அவிழ்க்காமல் அடுப்பை மூட்டிச் சட்டியை வைத்தாள். சன்னல் முழுக்க வெள்ளையானது. அம்மா விறகைத் தள்ளினாள். எழுந்து போய்க் கண்ணாடியில் வாயை வைத்து ஊதினாள், மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம், ஒவ்வொரு மூலையாக.

"யாரு தொடச்சது?"

"நாந்தாம்மா. இனிமே வராது."

அடி விழும் என்று பயந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள், அடிக்கவில்லை. சட்டியை இறக்கிக்கொண்டு போய்ப் பின்புறச் சாக்கடைக் கானில் கவிழ்த்தாள். வெறும் தண்ணீர்தான் கொட்டியது. அரிசி போட மறந்துவிட்டாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.