ஐம்பது தாண்டி இரும்பு தூக்கிய கதை

பாரம் தூக்கப் பழகுகிறவர்களுக்கு முதல் கிழமையில் இரும்பை விடச் சொந்த உடம்புதான் அதிகம் கனக்கும். மறுநாள் காலையில் தலை இழுக்கக் கை உயராமல் சீப்போடு நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீங்கள் எல்லாரும் என்னுடைய ஆட்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டொக்டர் மாற்றிச் சொன்னார்

எனக்கு வேலை மன்னார் பட்டினத்தில், தபால் கந்தோர் கவுண்டரில். வீடு தோட்டவெளியில். கணவர் காலமாகிவிட்டார், மகன் கனடாவில். வீட்டில் நானும் இரண்டு கோழிகளும்தான். முன்பு கர்ப்பப்பை எடுத்தபோது, பாரம் தூக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் அதைத் திருவசனம் போலக் காப்பாற்றினேன். சிலிண்டர் மாற்றவும் அரிசி மூட்டை இறக்கவும் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சூசையண்ணையைத்தான் கூப்பிடுவேன். கடல் தொழிலை விட்டு வீட்டோடு இருக்கிறவர். அவர் வந்தால் மனைவி மரியக்காவும் கூடவே வருவார். வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். தேத்தண்ணியும் கதையும் கோயில் மணி அடிக்கும் வரைக்கும் போகும்.

போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு வெடித்தது. எழும்ப முடியாமல் கிடந்த நேரத்தில் வலியை விட, நான் கிடப்பது ஒருவருக்கும் தெரியாது என்பதுதான் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு எலும்பு மெலிந்து போயிருக்கிறது, கை சுகமானதும் ஜிம்முக்குப் போங்கோ என்றார். பழைய தடையை எடுத்துச் சொன்னேன். அவர் மருந்துத் துண்டை எழுதிக்கொண்டே சொன்னார்: "அது அப்ப, அம்மா. இப்ப தூக்காட்டித்தான் பிரச்சினை. இனி ஆளைக் கூப்பிடாம நீங்களே தூக்குங்கோ."

முதல் பாரம்

ஜிம் இருப்பது ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில். பின்னேரத்தில் பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். படிக்கட்டின் கீழே எப்போதும் ஒரு கழுதை வழியை மறித்து நிற்கும். அதைத் தள்ளிக்கொண்டு போவதுதான் அன்றைய முதல் பயிற்சி.

மகன் விட்டுப்போன காற்சட்டையை இடுப்பில் இரண்டு மடிப்பு மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். பழக்குகிற பிள்ளையின் பெயர் ஜெசிந்தா. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு தடியைக் கையில் தந்து, தலைக்கு மேலே உயர்த்தச் சொன்னாள். நான் பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, செபமாலை மாதாவைக் கூப்பிட்டு உயர்த்தினேன். முகம் சிவந்துவிட்டதாக்கும். அவள் பயந்துபோய் ஓடி வந்தாள். "அன்ரி, மூச்சை விடுங்கோ. அது வீடு கூட்டுற தும்புத்தடி."

கவுண்டரில் முனகல்

அடுத்த நாள் கந்தோரில் ஒவ்வொரு முத்திரைக்கும் சீல் குத்தும்போது என்னை அறியாமலே "அம்மா" என்று முனகினேன். வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாப்பாமோட்டையிலிருந்து வந்த ஒரு கமக்காரர், பதிவுத் தபால் அனுப்ப நின்றவர், மிகவும் இரக்கத்தோடு குனிந்து கேட்டார்: "பிள்ளை, ஒரு கடிதத்துக்கு இவ்வளவு கஷ்டமெண்டா நானே பஸ்ஸில கொண்டுபோய்க் குடுத்திருப்பனே?"

பேசாலைக்காரி

ஜிம்மில் மற்றவர்கள் எல்லாம் இளம் பிள்ளைகள். காதில் பாட்டைச் செருகிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து நிற்பார்கள். நான் எண்ணுவது எனக்கே கேட்கும். அதனால் பேசாலையிலிருந்து என் வயதில் ஒருவர் வந்து சேர்ந்தபோது மனம் குளிர்ந்துபோனது. கருவாடு காயப்போடுகிற வாடியில் வேலை செய்கிறவர், சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்காக வந்தவர். பஸ் ஒத்துவரவில்லை என்று இரண்டு நாளோடு நின்றுவிட்டார். எனக்கு அது பெரிய கவலை.

வந்த முதல் நாளே, நான் கிட்டப்போகப் பயப்படுகிற கம்பியை மீன் கூடை தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு நின்றார். "எங்க கொண்டுபோய் வைக்கோணும்?" என்று கேட்டார். எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னாள் ஜெசிந்தா. அவர் கம்பியை இறக்காமலே அவளைப் பார்த்தார். "அப்ப என்னத்துக்கு என்னை எடுக்கச் சொன்னனீங்கள்?"

மகனுக்குக் காட்டிய கை

நான் விழுந்த நாளிலிருந்து மகன் அன்ரன் ஒவ்வொரு பின்னேரமும் வீடியோவில் வருவான். கொஞ்சம் தேறியதும் ஒரு நாள் சட்டைக் கையைச் சுருட்டி என் புயத்தை மடக்கிக் காட்டினேன். சின்ன எலுமிச்சங்காய் அளவுக்கு ஒன்று எழும்பி நின்றது. அவன் மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினான்.

அவன் நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பிறகு நாளாந்த அழைப்பு ஞாயிறு அழைப்பாகிவிட்டது. போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்து அழுதும் இருக்கிறேன். அன்று அவன் வாயெல்லாம் பல்லாகச் சொன்னது இதுதான்: "அப்ப இனி உங்களை நினைச்சுப் பயப்பிடத் தேவையில்ல அம்மா."

கதிரையில் தூசி

ஒரு நாள் சமையலுக்கு நடுவில் காஸ் முடிந்தது. வேலிப் பக்கம் போகக் கால் எடுத்தவள் நின்றேன். முழங்காலை மடித்து, முதுகை நேரே வைத்து, ஜெசிந்தா சொன்னபடி மூச்சையும் விட்டு, புதுச் சிலிண்டரை நானே தூக்கி வைத்தேன். வந்த சந்தோசப் புளுகத்தில் சத்தம் போட்டுச் சிரித்தேன். கோழிகள் கலைந்து ஓடின. பிறகு அரிசி மூட்டையும் என் பொறுப்பாகிவிட்டது.

ஒரு பின்னேரம் விறாந்தைக் கதிரைகளைத் துடைக்கும்போதுதான், ஆட்கள் இருக்கிற இடத்தில் எல்லாம் தூசி படிந்திருந்ததைக் கண்டேன். ஒருவரும் வந்து இருக்கவில்லை. நான் கூப்பிடவில்லை, அவர்களும் வரவில்லை. வேலி அதே வேலிதான். இவ்வளவு பலமும் என்னைத் தனியே இருத்தத்தானா என்று இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து மரியக்காவைப் பிடித்து, ஏன் இந்தப் பக்கமே காணவில்லை என்று கேட்டேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "உங்களுக்கு இப்ப எங்கட உதவி தேவையில்லயாம் எண்டு இவர் சொன்னவர். பெருமையாத்தான் சொன்னவர், ஆனா அண்டைக்குச் சரியாச் சாப்பிடயில்ல."

அலுமாரி

மறுநாளே வேலியருகே நின்று கூப்பிட்டேன். "அண்ணை, அறைக்குள்ள அலுமாரியை மற்றச் சுவருக்கு மாத்தோணும். ஒருக்கா வாங்கோ." அதை நானே தள்ளியிருப்பேன். ஆனாலும் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இயன்ற மட்டும் மூச்சு வாங்கிக் காட்டினேன். மரியக்கா பணியாரத்தோடு வந்தார். மணி அடித்த பிறகும் இருந்தார்கள்.

அடுத்த கிழமை, அங்கே வெளிச்சம் போதாது என்று சொல்லித் திரும்பவும் கூப்பிட்டேன். சூசையண்ணை அலுமாரியைப் பழைய இடத்தில் இறக்கிவிட்டு, என் புயத்தை ஒருமுறை பார்த்தார், சுவரை ஒருமுறை பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "தங்கச்சி, போன கிழமை இது இந்தச் சுவரோடதானே நிண்டது? பரவாயில்ல, தேத்தண்ணியைப் போடுங்கோ. வாற கிழமை எங்க வைக்கிறதெண்டு இருந்து யோசிப்பம்."

ஆகவே என் இன சனமே, எவ்வளவு பாரம் வேண்டுமானாலும் தூக்கப் பழகுங்கள், ஆனால் உங்களால் தனியே அசைக்க முடியாத ஒரு தளபாடம் வீட்டில் இருக்கிறதென்று அயலவர்களை நம்ப வைத்திருங்கள்.