தென்னையில் கட்டிய வடம்

அரசுப் பதிவுகளில் என் வீடு விரைவு இணையம் பெற்ற வீடு. முகப்புச் சுவரில் வெண்ணிறப் பெட்டியொன்று பொருத்தப்பட்டுள்ளது. அதன் ஒளிப்படமும் பதிவில் உண்டாம். ஆனால் அப்பெட்டிக்கு வந்துசேர வேண்டிய வடம் இன்று பக்கத்துத் தோப்பில் சுருண்டு கிடக்கிறது. பதிவு ஒன்றாகவும் நிலை வேறொன்றாகவும் இருப்பதால், நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே எழுதிவைப்பது கடமையாகிறது. சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். இனி எழுத்தேனும் நிற்கட்டும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயின் வாயில் இருக்கிறது எங்கள் ஊர். என் மனைவி பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறாள். மகன் வளைகுடா நாட்டில். அவளைப் புரட்டிப் படுக்கவைப்பதும் உணவூட்டுவதும் மருமகள்தான். தடையற்ற இணையம் இருக்குமாயின் வீட்டிலிருந்தே பணிசெய்ய மருமகளின் சென்னை நிறுவனம் இசைந்திருந்தது. இல்லையேல் அவள் திரும்பியாக வேண்டும். கைப்பேசி அலையோ முற்றத்தின் ஒரு மூலையில் மட்டுமே கிட்டும். வேறெந்த நிறுவனத்தின் வடமும் எங்கள் தெருவுக்கு வருவதில்லை.

ஊர்ப்புற வீடுகளுக்கும் கடைகளுக்கும் இணைப்புச் செலவை அரசே ஏற்கும் திட்டம் வந்தபோது விண்ணப்பித்தோம். நெடுநாள் அலைச்சலுக்குப் பின் பணியாளர் ஒருவர் ஏணியுடன் வந்தார். சாலைக் கம்பத்துக்கும் வீட்டுக்கும் இடையே பக்கத்து வீட்டாரின் தென்னந்தோப்பு. நடுவில் ஒரு கம்பம் வேண்டாவா என்று வினவினேன்.

“மானியத்துல கேபிளும் பெட்டியுந்தான் உண்டு சாரே. போஸ்ட் கெடையாது. தெங்கு நிக்குல்லா, பின்ன என்னத்துக்கு போஸ்ட்?”

தோப்புக்காரர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “ஏலே மக்கா, நீ எந்த ஊரு?”

“கடப்புறம். இனயம்.”

“அதான். இங்க ஆனி மாசம் வந்து பாரு. துணி காயப்போடுத கொடியக்கூட நாங்க தெங்குல கெட்ட மாட்டோம்.”

“கடப்புறத்துக்காரன்ட காத்தப் பத்தியா அண்ணாச்சி சொல்லுதிய?”

“கடக்காத்து வேற, கணவாக்காத்து வேற. கெட்டு, கெட்டு. சாருக்கு மருமவ இங்கன நின்னாப் போதும்.”

வடம் தென்னையில் கட்டப்பட்டது. சில திங்கள் நன்றாகவே கழிந்தன. அடுத்த அறையில் மருமகள் எவரிடமோ பேசும் ஓசையைக் கேட்டவாறு என் மனைவி அமைதியாகக் கிடப்பாள். மருமகளின் குரல் கேளாத வேளைகளில் அறை வாயிலையே நோக்குவாள்.

ஆனியில் காற்று எழுந்தது. தென்னை கிழக்கே சாயுந்தோறும் வடம் விம்மி விம்மி இறுகியது. ஒரு முற்பகல், மருமகள் அலுவலகத்தாருடன் பேசிக்கொண்டிருக்கையில், அறுந்தது. தோப்புக்காரர் வந்து அறுந்த முனையைக் கையிலெடுத்துப் பார்த்தார். முன்பு சொன்னதை அவர் நினைவூட்டவில்லை.

“இந்தக் காத்துதான் கணவாயில நிக்குத அந்தக் காத்தாடியள எல்லாம் சுத்தி ஊருக்குக் கரண்டு குடுக்கு, அண்ணாச்சி. நமக்கு இருந்ததையும் புடுங்கிட்டுப் போச்சு.”

வடசேரியில் பேருந்திலிருந்து இறங்கி, மானியம் தந்த அரசு அலுவலகத்துக்குச் சென்றேன். அங்கிருந்த அம்மையார் கணினியைப் பார்த்துவிட்டு, “ஒங்க வீட்டுக்குத்தான் குடுத்தாச்சே சார். ஒரு வீட்டுக்கு ஒரு தடவதான். அறுந்தா அது ரிப்பேரு. ரிப்பேருக்கு இதுல வழி இல்ல” என்றார்.

என் செலவிலேயே கம்பம் நட்டு வடத்தையும் மாற்றிக்கொள்கிறேன் என்றேன்.

“மானியக் கனெக்‌ஷன்ல வெளியாளு கை வைக்கப்படாது. காண்ட்ராக்டருதான் வரணும். அவருக்க காண்ட்ராக்ட் முடிஞ்சு போச்சு சார்.”

அவர் கடுமையாகப் பேசவில்லை. அருந்தத் தண்ணீரும் தந்தார். மீண்டும் இருமுறை சென்றேன், விடை மாறவில்லை.

சென்னை நிறுவனம் அதற்குமேல் பொறுக்கவில்லை. மருமகள் தன் துணிப்பெட்டியைக் கட்டினாள். மாமியாரின் தலையணையைச் சரிசெய்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“மாமா, யாராவது வந்து கெட்டித் தந்தா ஒரு போன் பண்ணுங்க. அடுத்த வண்டில வந்துருவேன்.”

இப்போது பகலில் கூலிக்கு ஒரு பெண்மணி வருகிறார். மாலைக்குமேல் மனைவியை நானே புரட்டிப் படுக்கவைக்கிறேன். ஒவ்வொரு முறையும் மூச்சு வாங்குகிறது. அவள் இன்னமும் அடுத்த அறைப் பக்கமே முகத்தைத் திருப்புகிறாள்.

விதிகளை நான் படித்தறிந்தேனல்லேன். அலுவலர் வாய்மொழியைக் கேட்டே எழுதினேன். ஆகவே பிழை நேர்ந்திருக்கக்கூடும். கம்பமும் பழுதுபார்த்தலும் மானியத்தில் அடங்குமென அறிந்தோர் இருப்பின், தயங்காது திருத்தியருள்க. நான் எழுதியது பிழையென்று தெரிந்த அன்றே சென்னைக்குத் தொலைபேசியில் அழைப்பேன்.