நோம்பு வீட்டில் ஃப்ரெஞ்ச் டோஸ்ட்

தீபாவளிக்கு முதல்நாள் மாலை, சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் கடையில் ஒரு பாக்கெட் பிரெட் கேட்டேன். கடைக்காரர் பிரெட்டை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தார். “இன்னா சார், வூட்ல யாருக்கு ஒடம்பு சரியில்ல?” யாருக்கும் ஒன்றுமில்லை, நாளைக் காலைப் பலகாரத்துக்கு என்றேன். அவர் நம்பவில்லை. வெளியே சொல்ல முடியாத வியாதி என்று நினைத்திருப்பார் போல. “எல்லாம் சரியாப்பூடும் சார்” என்று பால் பாக்கெட் ஒன்றையும் கூடவே வைத்தார். தெருமுனையில் இன்னொருவர் என் கையிலிருந்த பிரெட்டைப் பார்த்து, டாக்டரிடம் காட்டியாகிவிட்டதா என்று விசாரித்தார். நெடுஞ்சாலை முழுக்கக் கொரியன் ஓட்டல் போர்டுகள் வந்துவிட்டன. செல்போனிலிருந்து கார் வரை இந்தப் பக்கம் செய்யாத பொருள் இல்லை. ஆனாலும் எங்கள் ஊரில் பிரெட் இன்னும் மாத்திரைக்குத் துணையாகத்தான் இருக்கிறது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருக்கும் கனடாவில் தீபாவளி என்பது பெரும்பாலும் ஒரு வேலைநாள். மனைவி மருத்துவமனையில் நர்ஸ், நான் சரக்குக் கிடங்கில். அந்தக் குளிரில் இட்லி மாவு பொங்குவதற்குள் பண்டிகையே முடிந்துவிடும். அதனால் மகள் யாழினி குழந்தையாக இருந்தபோதே, பாலும் முட்டையும் ஏலக்காயும் கலந்து, பிரெட்டைத் தோய்த்து, நெய்யில் வாட்டி, மேப்பிள் சிரப் என்ற மரச்சாற்றுப் பாகை ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தோம். வருடா வருடம் விளக்கேற்றிய கையோடு அதையே கொடுத்ததால், இதுதான் தமிழர்களின் தீபாவளிப் பலகாரம் என்று அவளாகவே முடிவுகட்டிவிட்டாள். பள்ளியிலும் போய்ச் சொல்லியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் டீச்சர் பயபக்தியோடு கேட்டார்: “உங்கள் கோவில்களிலும் இதைப் படைப்பீர்களா?” ஒரு பண்பாட்டை மதிக்கத் துடிக்கும் பெண்மணியை ஏமாற்ற மனமில்லாமல் சிரித்து வைத்தேன்.

இந்த வருடம்தான் முதல்முறையாக அவளைத் தீபாவளிக்கு ஊருக்கு அழைத்துவந்தேன். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணன் வீடுதான் நான் பிறந்த வீடு. இது உன் வீடும்தான் என்று யாழினிக்குக் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. விடியுமுன் எண்ணெய்க் குளியல், புதுச்சட்டை, பட்டாசு. பிறகு தட்டில் சூடாக இட்லியும் வடையும். அவள் சாப்பிட்டு முடித்து, வாரக்கடைசித் தமிழ் வகுப்பில் கற்ற தமிழில் சொன்னாள்: “அப்பா, மிகவும் நன்றாக இருந்தது. ஆனால் இது பெரியம்மா வீட்டுத் தீபாவளி. நம்முடைய தீபாவளி எப்போது?”

உடனே எழுந்து, பிரெட்டோடு வாங்கிவந்து பையில் வைத்திருந்த முட்டைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தேன். அண்ணி கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டார்.

“ஐயையோ தம்பி! சாயங்காலம் நோம்ப வச்சிகினு வூட்டுக்குள்ள முட்டையா?”

தீபாவளியன்று அதிரசத் தட்டைக் கோவிலுக்கு எடுத்துப்போய்ப் படைத்து, நோம்புக் கயிறு கட்டிக்கொண்டு வரும்வரை எங்கள் வீட்டில் முட்டை, கறி எதுவும் நுழையக் கூடாது. நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம், எனக்கு மறந்துவிட்டது. “பாஸ்போர்ட்ட மறக்காம எடுத்தாந்தானே” என்றார் அண்ணன், என்னைப் பார்க்காமல். யாழினி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அண்ணிக்கு ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர் வேலை. உற்பத்தி லைன் நின்றுபோனால் வேறு வழியில் ஓட்டத் தெரிந்தவர். ஒரு நிமிடம் யோசித்தார். “மாடிக்கு இட்டுகினு போங்க. மாடி வாடகைக்கு வுட்டது. அங்க நோம்பு கெடையாது.”

அண்ணன் வயலை விற்று மாடி கட்டியவர். “நெல்லு போட்டா ஒரு போகம், ரூம் போட்டா மாசா மாசம் போகம்” என்பார். மாடி அறையில் தென்காசிப் பக்கத்துப் பெண்கள் மூன்று பேர், எல்லாரும் கம்பெனி வேலை. ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டேன். “ஒருநாள் லீவுல எங்க போக அண்ணாச்சி? பஸ்ஸ விட்டு எறங்குனதும் திரும்ப ஏறணும்” என்றாள் செல்வி, மூவரில் மூத்தவள். மின் அடுப்பைத் துடைத்துக் கொடுத்தாள். முதல் துண்டு சிவந்ததுமே அவள் முகம் மலர்ந்தது.

“இது பாம்பே டோஸ்ட்டுல்லா! எங்க ஊரு பேக்கரில கெடைக்குமே!”

“இது ஃப்ரெஞ்ச் டோஸ்ட்மா.”

“அப்ப பிரான்சுலயா இருக்கிய?”

“கனடாவில்.”

“சொந்த ஊரு?”

“இதே வீடுதான். கீழே.”

செல்வி கரண்டியை வாங்கி அடுத்த துண்டைத் திருப்பிப் போட்டாள். பாவம், எதற்கு இவரைக் கிளற வேண்டும் என்று விட்டிருப்பாள். யாழினி கனடாவிலிருந்து கொண்டுவந்த சிரப் பாட்டிலைத் திறந்து எல்லோருக்கும் ஊற்றி, “இதுதான் எங்கள் வழக்கம்” என்று விளக்கம் வேறு சொன்னாள். அவர்களும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். பிறந்த வீட்டில் என் பண்டிகையைச் சமைக்க வாடகைக்காரர் அறைதான் இடம் கொடுத்தது.

கீழே இறங்கினால் அண்ணி வாளியோடு நிற்கிறார். “ரெண்டு பேரும் தலைக்கு ஊத்திகினு உள்ள வாங்க.” அன்று எங்களுக்கு இரண்டு தீபாவளிக் குளியல். மாலை கோவிலிலிருந்து வந்ததும், யாழினியின் இடது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார் அண்ணி. “யார் வூட்டுத் தீபாவளினு இனிமே கேக்கக் கூடாது. நீ இந்த வூட்டுப் பொண்ணு, தெரிஞ்சிதா?” மறுநாள் காலை அண்ணன் பார்க்காதபோது என்னோடு மாடியேறி வந்து, மிச்சமிருந்த ஒரு துண்டைத் தின்று பார்த்தார். “நல்லாதான் கீது. ஜுரம் வந்தா துன்லாம்.”

கனடா திரும்பிய பின் வந்த முதல் விடுமுறைக் காலை. கிண்ணத்தில் முட்டை அடித்துவைத்துக் கூப்பிட்டேன். யாழினி பிரெட்டைக் கையில் எடுத்தவள் நின்றுவிட்டாள். மணிக்கட்டில் கயிறு கொஞ்சம் வெளுத்திருந்தது. “அப்பா, இதைக் கட்டிக்கொண்டு முட்டையைத் தொடலாமா?”

நோம்பு முடிந்துவிட்டது, தொடலாம் என்று நினைக்கிறேன் என்றேன். என் பதிலை அவள் நம்பியதாகத் தெரியவில்லை. கயிறு கட்டிய இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு, வலது கையால் பிரெட்டை முட்டையில் தோய்த்தாள்.