மேல்மாடிக்குப் போன இரண்டு ஸ்பீக்கர்கள்

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் என் வீட்டுக்கு வயர் இழுத்தது முதல் குளியலறைக்கு ஓடு பதித்தது வரை எல்லாம் இந்தக் கைதான். நகரத்தின் மறுகோடி டூட்டிங்கிலிருந்தும் ஆட்கள் வந்து என்னிடம் யோசனை கேட்டுப் போவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் டிவிடி வந்தபோது எங்கள் தெருவில் முதலில் வாங்கியவனும் நானே. கூடவே அம்பிளிபயர், ஐந்து ஸ்பீக்கர், அதிர்வுக்கு ஒரு பெரிய பெட்டி. அந்த ஆண்டுதான் மனைவியின் புற்றுநோய் முதுகெலும்புக்கு இறங்கியது. படி இறங்க முடியாமல் மேல்மாடி அறையிலேயே கிடந்தாள். கல்யாணமான நாளிலிருந்து படமென்றால் இருவரும் சேர்ந்துதான் பார்ப்போம். அது நின்றுவிடக் கூடாது; படம் தெரியாவிட்டாலும் சத்தமாவது அவளுக்குக் கேட்கட்டும். சீலிங்கைத் துளைத்து, ஹாலின் பின்பக்கம் வைக்க வேண்டிய இரண்டு ஸ்பீக்கர்களையும் அவளுடைய கட்டிலுக்கு இரு பக்கமும் பூட்டினேன். கையேட்டைப் பிரிக்கவேயில்லை.

“என்னப்பா, கேக்குதோ?” என்று கீழிருந்து அவளிடம் கத்துவேன்.

“ஓம், ஓம். கேக்குது.”

இரண்டு மாதம், ஞாயிறுக்கு ஞாயிறு, இப்படியே படம் ஓடியது. வந்தவர்களுக்கெல்லாம் அந்த வயரைக் காட்டினேன்.

ஒரு ஞாயிறு, பக்கத்து வீட்டு மலேசியத் தமிழர் அவளைப் பார்க்க வந்தார். படித்து நல்ல வேலையில் இருந்தவர். கீழே படம் ஓட, மேலே அவளருகில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கி வந்தார்.

“அண்ணே, மேல இருக்கிற ஸ்பீக்கர்ல என்ன வருதுன்னு தெரியுமா?”

“படம் வருது. வேறை என்ன?”

“மழை வருது, கார் போகுது, கூட்டம் கத்துது. பேச்சு ஒண்ணும் வரல. டிஸ்க்ல அஞ்சு புள்ளி ஒண்ணுன்னு போட்டிருந்தா, பேச்சு முன்னால நடுவுல இருக்கிறதுலதான் வரும். பின்னால போறது சுத்துப்புறச் சத்தம். பழைய படம்னா அதுவும் கிடையாது.”

அவளுக்குப் பிடித்ததெல்லாம் பழைய படங்கள். அப்படியென்றால் அவை ஓடிய ஞாயிறுகளில் இரண்டு ஊமைப் பெட்டிகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு எனக்கு ‘ஓம்’ சொல்லியிருக்கிறாள். மேலே ஏறிப் போனேன்.

“ஏனப்பா சொல்லேல்லை?”

“சொன்னா இன்னொரு ஓட்டை போடுவியள்.” சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு வலிக்கும். “நான் ஸ்பீக்கரே கேட்டனான்? குசினிக்கை கிடக்கிற சின்ன டிவியைத் தூக்கிக்கொண்டு வந்து நீங்களும் இஞ்சை இருங்கோ எண்டு ரெண்டு தரம் சொன்னனான். அதிலை ஆர் படம் பாக்கிறது எண்டு பகிடி பண்ணினனீங்கள்.”

கேலி பண்ணினேன்தான். என் வீட்டில் அந்தக் குட்டிப் பெட்டியில் படம் பார்ப்பதா என்று கேட்டதும் ஞாபகம் வந்தது. இருவரும் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவ்வளவு நாளும் கீழே நான் தனியாக இருந்திருக்கிறேன்.

அன்று பின்னேரமே சமையலறைச் சின்ன டிவியை மேலே கொண்டுபோனேன். அதற்கு ஒரே ஒரு ஸ்பீக்கர், அதுவும் கரகரக்கும். கட்டிலில் அவளருகே சாய்ந்து முழுப் படமும் பார்த்தோம். நடுவில் ஒருமுறை திரையைக் காட்டி, “அவன் பொய் சொல்லுறான் பாருங்கோ” என்றாள். அடுத்த ஞாயிறு, இடைவேளையோடு தூங்கிவிட்டாள். அதற்கடுத்த ஞாயிறு அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

அந்த அறையில் நாங்கள் சேர்ந்து பார்த்தது ஒன்றரைப் படம்.