ஒரு நூல் அகலம்

இரண்டு வருடங்களுக்கு முன், எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டரில் நடந்தது இது. இடம், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டி.டி.பி. கடை. மாலை ஐந்து மணிக்குள் புராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங் செய்து கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அரும்பாவூரில் அப்பா அதற்குள் பையன் படிப்பு முடிந்துவிட்டது என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிவிட்டிருந்தார்.

என் தலைப்பு குவாண்டம் டனலிங். நடுவில் ஒரு சுவர், இரு பக்கமும் ஒரே அளவில் இரண்டு பள்ளங்கள். ஏறிக் கடக்கும் அளவு ஆற்றல் இல்லாத எலக்ட்ரானும் சுவருக்கு அந்தப் பக்கம் தென்படும். பள்ளங்கள் சமச்சீராக இருந்தால், அடிமட்ட ஆற்றலில் அதன் அலைச்சார்பு, அதாவது எலக்ட்ரான் எங்கே இருக்கலாம் என்று காட்டும் அலை, இரண்டிலும் சமமாகப் பரவியிருக்க வேண்டும். என் கம்ப்யூட்டர் கணக்கிலோ அலை முழுக்க இடது பள்ளத்திலேயே கிடந்தது. புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, அதற்கு மூன்று பக்கம் விளக்கமும் எழுதியிருந்தேன்.

பக்கங்களைச் சரிசெய்துகொண்டே வந்த கடைக்கார அக்கா பள்ளங்களும் அலையும் வரைந்த படத்தில் நின்றார்.

"தம்பி, ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்னு எழுதியிருக்கீங்க. படத்துல ஒரு பக்கந்தானே இருக்கு?"

"அது பிசிக்ஸ், அக்கா. உங்களுக்குப் புரியாது."

சொன்னதும் எனக்கே காது சுட்டது. ஆபீஸ் ஆபீஸாக அலைந்த அப்பாவிடம் எத்தனையோ பேர் சொன்ன வார்த்தை அது.

அக்கா கோபப்படவில்லை. கல்யாணப் பத்திரிகையில் பார்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கம்ப்யூட்டரில் அதன் நகலை இடவலமாகத் திருப்பி அதன் மேலேயே வைத்துப் பார்ப்பது அவர் வழக்கமாம். என் பள்ளங்களையும் அப்படியே வைத்தார். ஓரம் ஒட்டவில்லை.

"இங்க பாருங்க. இடப்பக்கம் ஒரு நூலு அகலம் ஜாஸ்தி."

லேப்டாப்பில் புரோகிராமைத் திறந்தேன். இடது எல்லையில் ஒரு புள்ளியைத் தவறுதலாகக் கூடுதலாகச் சேர்த்திருந்தேன். நடுச்சுவர் தடிமனானது, அலை கசிவதே சொற்பம். அதனால் இடது பள்ளத்தைத் துளி அகலமாக்கிய அந்த ஒரு புள்ளியே அலை மொத்தத்தையும் தன் பக்கம் இழுத்துவிட்டது. திருத்தி ஓட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இரண்டு மேடுகள். மூன்று பக்கக் கண்டுபிடிப்பை அழித்து அரைப் பக்கம் எழுதினேன். அக்கா மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு பைண்டிங் போட்டார்.

பசை காய்வதற்குள், அந்தச் சுவரும் எலக்ட்ரானும் என்ன கதை என்று கேட்டார். சொன்னேன்.

"ஏறவும் இல்ல, ஓட்டை போடவும் இல்ல, அந்தாண்ட இருக்குமா? எங்க வூட்டு எலியே தேவல போலருக்கு" என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "மணி ஆவுது தம்பி, ஓடுங்க" என்று ரிப்போர்ட்டைக் கையில் திணித்தார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கொடுத்துவிட்டேன்.

இப்போது அரியலூரில் டியூஷன் எடுக்கிறேன். யார் சந்தேகம் கேட்டாலும், கேட்டவர் என்ன படித்திருக்கிறார் என்று பார்ப்பதில்லை; முதலில் திரும்பி, போர்டில் நான் எழுதியதைத்தான் பார்க்கிறேன்.